பழைய விலைப்பட்டியலை வைத்து இங்கிலாந்துப் பீங்கானின் வயதையும் மதிப்பையும் கணிப்பது எப்படி?

ஒரு பழைய பில் கிடைக்கிறது. 'தட்டு, நீல அச்சு, இரண்டு டஜன்' என்று எழுதி, பக்கத்தில் ஷில்லிங் கணக்கில் ஒரு தொகை. இன்றைய பணத்துக்கு இது எவ்வளவு என்றுதான் யாருக்கும் உடனே கேட்கத் தோன்றும். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்பதுதான். 1810-இன் ஒரு ஷில்லிங்கை இன்றைய பவுண்டாக்கி, அதை ரூபாயாக்கினால் ஓர் எண் வரும். தட்டைப் பற்றி ஒன்றும் தெரிய வராது. அதே பில்லில், அதே அளவில், எந்த வேலைப்பாடும் இல்லாத வெறும் தட்டு என்ன விலை? நீல அச்சுத் தட்டு அதைப்போல எத்தனை மடங்கு? இந்த மடங்கு தெரிந்தால் தட்டின் காலமும் பிடிபடும், அதை வாங்கிய வீட்டின் வசதியும் பிடிபடும்.

இந்தக் கட்டுரை இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையர் பகுதியில் செய்த மண்பாண்ட வகைகளைப் பற்றியது. டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள். 1910-இல் இவை சேர்ந்துதான் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஆயின. நாம் பொதுவாக எல்லாவற்றையும் 'பீங்கான்' என்றுவிடுகிறோம். ஆனால் ஒளி ஊடுருவும் அசல் பீங்கானும் எலும்புச் சாம்பல் சேர்த்த போன் சைனாவும் வேறு சந்தை, வேறு விலை. கீழே சொல்லும் கணக்கு, ஒளி ஊடுருவாத வெள்ளை மண்பாண்டத்துக்கு, அதுவும் சுமார் 1780 முதல் 1880 வரைக்கும்தான் பொருந்தும்.

முதலில் தட்டைப் பாருங்கள்

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையத்தின் உள்மூலையில் மெருகு, அதாவது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு, தேங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே மஞ்சளோ இளம்பச்சையோ தெரிந்தால் க்ரீம்வேர் என்ற க்ரீம் நிற வகை. நீலம் தெரிந்தால் இன்று பேர்ல்வேர் என்று அழைக்கப்படும் வகை. மண்ணின் மஞ்சள் சாயலை மறைக்க மெருகில் துளி கோபால்ட் சேர்த்ததன் அடையாளம் அது. ஸ்டாஃபர்ட்ஷையர் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் தன்னுடைய 'பேர்ல் ஒயிட்' வகையை 1779-இல் கொண்டுவந்தார். மற்ற குயவர்கள் அதற்குச் சற்று முன்பே நீலம் கலந்த மெருகைப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்புறம் அலங்காரம். நீல அச்சுத் தட்டென்றால் விளிம்பை ஒரு சுற்று மெதுவாகத் திருப்புங்கள். செப்புத் தகட்டிலிருந்து மெல்லிய காகிதத்தில் படத்தை எடுத்து, அந்தக் காகிதத்தைத் தட்டின் மேல் ஒட்டித் தேய்ப்பார்கள். விளிம்புப் பட்டையின் இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், கோடு ஒரு நூல் விலகியிருக்கும். அந்த ஒட்டு தெரிந்தால் காகித அச்சு உறுதி. ஒட்டியவளின் கைவேகம் அந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. எனக்கு ஒரு தட்டில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

மூன்றாவது, முத்திரை. 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் கேட்டதால் வந்த வழக்கம் அது. வைர வடிவக் கட்டத்துக்குள் எழுத்துகளும் எண்களும் இருந்தால் 1842 முதல் 1883 வரையிலான வடிவப் பதிவு. 1842 முதல் 1867 வரை ஆண்டுக்கான எழுத்து மேல்முனையில் இருக்கும். 1868 முதல் வலது முனைக்கு மாறிவிடும். வடிவம் பதிவான நாளைத்தான் அது சொல்லும். தட்டு சூளையிலிருந்து வந்த நாள் அதற்குப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம்.

அடியில் எண் இருந்தால் அவசரப்படாதீர்கள். நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய கிண்ணத்தின் அடியில் கையெழுத்தில் 1794 என்று இருந்தது. விற்றவர் அதை ஆண்டு என்றார், நானும் நம்பினேன். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பக்கத்திலேயே மங்கிய அச்சில் 'இங்கிலாந்து' என்ற சொல். அந்த எண், தொழிற்சாலையின் வடிவ எண். கிண்ணத்துக்கு நூறு வயது குறைந்தது. அடியில் இருக்கும் நான்கு இலக்க எண்ணை இதைப்போல ஆண்டென்று எண்ணி ஏமாறுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன்; அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பணக் கணக்கு

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. 1971 பிப்ரவரி 15 வரை இங்கிலாந்தில் இதுதான் கணக்கு. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா என்று கணக்குப் போட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பழைய தாள்களில் ஷில்லிங்குக்கு 'எஸ்', பென்னிக்கு 'டி' என்ற எழுத்து இருக்கும். 'டி' என்பது ரோமானிய டெனாரியஸ் நாணயத்தின் மிச்சம். கினி என்று வந்தால் 21 ஷில்லிங்.

எந்த விலையையும் முதலில் பென்னியாக மாற்றிவிடுங்கள். டஜன் 2 ஷில்லிங் 6 பென்னி என்றால் 30 பென்னி. ஒரு தட்டுக்கு இரண்டரை பென்னி. கலப்பாக வைத்துக்கொண்டு வகுத்தால் எங்காவது தப்பு நடக்கும்.

குயவர் டஜன்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தட்டுகளுக்கு டஜன் என்றால் 12. ஜக், குவளை, கிண்ணம் என்று குழிவான பாத்திரங்களுக்கு வந்தால், டஜன் என்பது ஒரு விலை அளவு. வாங்குகிறவர் ஒரு டஜனுக்கான விலையைக் கொடுப்பார். அதற்கு எத்தனை பாத்திரம் கிடைக்கும் என்பது அளவைப் பொறுத்தது. '12' என்ற அளவுள்ள ஜக் என்றால் 12 கிடைக்கும். '24' என்ற அளவு அதைவிடச் சிறியது. அதே விலைக்கு 24 கிடைக்கும். '6' என்பது பெரிய ஜக், ஆறுதான் கிடைக்கும். எண் ஏற ஏறப் பாத்திரம் சிறுக்கும்.

ஆகவே பில்லில் 'ஜக், 24, மூன்று டஜன்' என்று இருந்தால் 72 ஜக். 36 என்று எண்ணினால் ஒரு ஜக்கின் விலை இரண்டு மடங்காகத் தெரியும், பின்னால் வரும் கணக்கெல்லாம் கெட்டுவிடும். விக்டோரியா காலத்து ஜக்குகளின் அடியில் 24, 30, 36 என்று அழுத்திப் பதித்த எண்ணைப் பார்த்திருந்தால், அது இந்த அளவு எண்தான்.

தட்டுகளுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. சாப்பாட்டுத் தட்டு பட்டியலில் 10 அங்குலம். 8 அங்குலத்துக்கு ட்விஃப்ளர், 7-உம் அதற்குக் கீழும் மஃபின். பட்டியலின் 10 அங்குலமும் உங்கள் ஸ்கேலின் 10 அங்குலமும் எப்போதும் ஒத்துப்போகாது. அரை அங்குலம் கூடக்குறைய இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

எந்தத் தாளை நம்புவது

ஸ்டாஃபர்ட்ஷையர் முதலாளிகள் கூடிப் பேசி, 'இதற்குக் கீழே விற்பதில்லை' என்று விலைப்பட்டியல் போட்டுக்கொள்வார்கள். 1770, 1783, 1796, 1814, 1846 ஆகிய ஆண்டுகளில் போட்டவை ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை. படிக்கச் சுலபம், எல்லா அளவும் வரிசையாக இருக்கும். ஆனால் அந்த விலைக்குத்தான் விற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1812-இல் தொடங்கிய அமெரிக்கப் போர் பெரிய சந்தையை அடைத்தது. 1815-இல் சமாதானம் வந்ததும் சரக்கு குவிந்தது, பின்வந்த ஆண்டுகளில் விலை இறங்கிக்கொண்டே போனது. பட்டியலைத் திருத்தாமல் தள்ளுபடியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தாளில் விலை அப்படியே நிற்கும். கடையில் கைமாறிய பணம் குறைந்துகொண்டே வந்திருக்கும்.

அதனால் எனக்குப் பட்டியலைவிட பில் மேல்தான் நம்பிக்கை அதிகம். நடந்துமுடிந்த வியாபாரத்தின் பதிவு அது. ஒவ்வொரு வரியாகச் சரக்கும் விலையும் எழுதி, கூட்டி, கீழே 'தள்ளுபடி இத்தனை சதவீதம்' என்று கழித்து, அப்புறம் கூடைப்பெட்டிக்கும் வைக்கோலுக்கும் தனியாகச் சேர்த்திருப்பார்கள். பெட்டிச் செலவைத் தட்டின் விலையில் சேர்த்துவிடாதீர்கள். இன்னொன்று, பில் யார் யாருக்குப் போட்டது என்று பாருங்கள். தொழிற்சாலை வணிகருக்குப் போட்ட மொத்த விலையையும், கடைக்காரர் குடும்பத்துக்குப் போட்ட சில்லறை விலையையும் ஒன்றாகக் கலந்தால் கணக்கு நிற்காது.

லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் வழக்குப் பதிவுகள், 1674 முதல் 1913 வரை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. திருடுபோன தட்டு, கோப்பை எல்லாம் விலையோடு எழுதப்பட்டிருக்கும். எந்த வீட்டில் என்ன இருந்தது என்று அறிய இதைவிட உயிருள்ள ஆதாரம் இல்லை. ஆனால் அந்த விலைகளை அப்படியே எடுக்கக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில், குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு வரை போகலாம். அதனால் ஜூரிகள் பல வழக்குகளில் வேண்டுமென்றே 39 ஷில்லிங் என்று குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றப் போட்ட விலை அது. பாத்திரத்தின் விலையாக அதை எடுக்க முடியாது. 'இந்த ஆண்டில் இந்தப் பொருள் ஒரு லண்டன் வீட்டில் இருந்தது' என்பதற்கு மட்டும் பதிவைச் சாட்சியாக வையுங்கள், விலைக்கு வேறு தாளைத் தேடுங்கள்.

இறந்தவர் வீட்டுச் சொத்துப் பட்டியல்களும் உண்டு. பழைய பொருளுக்குப் போட்ட மதிப்பு என்பதாலும், 'அடுக்களைப் பாத்திரங்கள், மொத்தமாக' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் என்பதாலும் கணக்குக்கு அவ்வளவாக உதவாது.

சி.சி. அளவுகோல்

சரி, இப்போது மடங்குக் கணக்கு. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் மில்லர் 1980-இல் இந்த முறையை வெளியிட்டு, 1991-இல் 1787 முதல் 1880 வரைக்குமான எண்களைத் திருத்திக் கொடுத்தார். அலங்காரமில்லாத க்ரீம் நிறப் பாத்திரத்தைப் பட்டியல்களில் 'சி.சி.' என்று சுருக்கி எழுதுவார்கள். 19-ஆம் நூற்றாண்டு முழுக்க மலிவான வகையாகக் கிடைத்துக்கொண்டே இருந்தது அதுதான். அதன் விலையை 1 என்று வைத்து, மற்றவற்றை அதன் மடங்காகச் சொல்வதே அளவுகோல்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். பட்டியலில் 'பேர்ல்வேர்' என்று தேடினால் கிடைக்காது. குயவர்களும் வணிகர்களும் சரக்கை மண்ணையோ மெருகையோ வைத்துப் பிரிக்கவில்லை. அலங்காரத்தை வைத்தே பிரித்தார்கள். விலை ஏணியின் அடியில் சி.சி.; அதற்கு மேல் விளிம்பில் மட்டும் சாயம் தீட்டியது, பட்டை போட்டது, ஸ்பாஞ்சால் ஒற்றியது; அதற்கு மேல் கையால் பூ வரைந்தது; உச்சியில் அச்சுப்படம். விளிம்பில் சாயம் தீட்டத் தேர்ச்சி பெரிதாக வேண்டாம். அச்சுப்படத்துக்குச் செப்புத் தகடு செதுக்குபவர், அச்சிடுபவர், காகிதம் ஒட்டுபவர், வெட்டுபவர் என்று பலர் கை வேண்டும். விலை ஏணி இதைத்தான் காட்டுகிறது.

கணக்குப் பழக ஒரு கற்பனைப் பில் போடுவோம். எல்லாம் 10 அங்குலத் தட்டு. சி.சி. டஜன் 1 ஷில்லிங் 8 பென்னி, அதாவது 20 பென்னி. விளிம்புச் சாயம் 2 ஷில்லிங் 3 பென்னி, அதாவது 27. நீல அச்சு 5 ஷில்லிங், அதாவது 60. இருபதால் வகுத்தால் 1, 1.35, 3 என்று வரும். ஒரு வீட்டில் 40 தட்டு: 20 சி.சி., 12 விளிம்புச் சாயம், 8 அச்சு. மடங்கால் பெருக்கிக் கூட்டினால் 20 + 16.2 + 24 = 60.2. நாற்பதால் வகுத்தால் ஏறக்குறைய 1.5. அதாவது இந்த வீட்டார் மலிவான தட்டாகவே வாங்கியிருந்தால் ஆகும் செலவைப்போல ஒன்றரை மடங்கு செலவழித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு 2.4 வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசலாம்.

தள்ளுபடி இங்கே நம்மைக் கெடுக்காது. பில்லின் அடியில் மொத்தத் தொகைக்கும் ஒரே சதவீதம் கழிக்கும்போது எல்லா வரியும் ஒன்றுபோலக் குறையும். 60 பென்னி 36 ஆனால் 20 பென்னி 12 ஆகும். மடங்கு அதே 3. விலைவாசி மாற்றத்துக்கும் இதேதான். இந்த முறையின் அழகே இதில்தான் இருக்கிறது.

ஒரே அளவை ஒரே அளவோடு, ஒரே வடிவை ஒரே வடிவோடு மட்டும் ஒப்பிடுங்கள். தட்டின் மடங்கைக் கோப்பைக்குப் போடக் கூடாது. அதற்குத் தனி எண் உண்டு.

விலையிலிருந்து காலம்

மடங்கே ஒரு கடிகாரம். 1790-களில் அச்சுப் பாத்திரம் சி.சி.யைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு விலை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே மேல்பாகம் கிழிந்து தேதி போன ஒரு பில்லில் அச்சுத் தட்டு நான்கு மடங்கு விலையில் இருந்தால், அதை 1850-க்குக் கொண்டுபோக முடியாது.

பெயர்களும் உதவும். 1814 பட்டியலில் வில்லோ என்ற, சீனக் காட்சியைப்போல வரைந்த அச்சுப்படம் மற்ற அச்சு வடிவங்களைவிடக் குறைந்த விலையில் தனியாக நிற்கிறது. எல்லோரும் செய்கிற, மலிவான அச்சு வடிவமாக அது அதற்குள் இறங்கிவிட்டது என்று இதிலிருந்து தெரிகிறது. நீலம் தவிரப் பழுப்பு, பச்சை, சிவப்பு, ஊதா அச்சுகள் பில்லில் வந்தால் 1820-களின் கடைசிக்கு முன்னால் போகத் தயங்குங்கள்.

சிப்பி விளிம்புத் தட்டு, அதாவது விளிம்பில் சிப்பியின் வரிபோலக் கோடு அழுத்தி நீலமோ பச்சையோ தீட்டியது, புதியவர்களுக்கு நல்ல பயிற்சி. சீரற்ற அலைபோல வெட்டிய விளிம்பு சுமார் 1780 முதல் 1810 வரை. அளவெடுத்ததுபோல ஒரே சீரான வளைவுகள் 1800 முதல் 1840 வரை. வளைவே இல்லாமல் நேர்விளிம்பில் கோடு மட்டும் அழுத்தியது 1840-களுக்குப் பிறகு. அழுத்திய கோடும் இல்லாமல் சாயம் மட்டும் தீட்டியது 1860-களுக்குப் பிறகு. பச்சை விளிம்பு 1840-க்குப் பின் அபூர்வம். விலை குறையக் குறைய வேலைப்பாட்டையும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதை நான்கு தட்டுகளை வரிசையாக வைத்து விரலால் தடவினாலே உணரலாம்.

கடைசியில் ஒற்றை ஆண்டு சொல்லாமல், 'இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் இல்லை' என்று இரண்டு எல்லை சொல்லுங்கள். தட்டு செய்த ஆண்டு ஒன்று, உடைந்து குப்பைக்குப் போன ஆண்டு ஒன்று. நடுவே நாற்பது ஆண்டுகூட அலமாரியில் இருந்திருக்கலாம்.

இன்றைய விலை

அன்றைக்கு உச்சியில் இருந்தது இன்றைக்கும் உச்சியில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. அச்சுப் பாத்திரம் ஏராளமாகச் செய்யப்பட்டது, நன்றாகப் பாதுகாக்கவும்பட்டது. அதனால் சாதாரண வில்லோ தட்டு இன்று மலிவு. அடுக்களை சி.சி. கிண்ணத்தையோ உடைந்துபோகும் வரை புழங்கி எறிந்தார்கள். பழைய மடங்கு அந்தக் காலத்து வீட்டைப் பற்றிப் பேச மட்டும்தான்.

இன்றைய மதிப்புக்கு, ஏலத்தில் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைப் பாருங்கள். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை ஆதாரமாகாது. அறிவித்த விலை ஏலச் சுத்தியல் விழுந்த விலையா, வாங்குபவர் தரும் கமிஷனும் சேர்ந்ததா என்று கவனியுங்கள். அதே வடிவம், அதே அளவு, அதே நிலையில் நாலைந்து விற்பனையாவது சேர்ந்த பிறகு ஒரு தொகை சொல்லுங்கள்.

நிலையைப் பார்க்க, சந்தையில் மண்பானை வாங்கும்போது செய்வதுபோலச் சுண்டிப் பாருங்கள். நல்ல தட்டு தெளிவாக ஒலிக்கும், விரிசல் கண்டது கட்டையாக ஒலிக்கும். பூச்சு வைத்து மறைத்த இடத்தைப் புற ஊதா விளக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். தேதியோ ஊர்ப் பெயரோ எழுதிய பாத்திரம், அபூர்வ வடிவம் இவற்றுக்கு விரிசல் இருந்தாலும் மதிப்பு உண்டு. சாதாரணத் தட்டுக்கு விரிசல் வந்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைத் தெருவில் இத்தகைய தட்டுகள் கண்ணில் படுவதுண்டு. வாங்குவதற்கு முன் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலப் பீங்கான்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போங்கள். ஹான்லியில் இருக்கும் பாட்டரீஸ் அருங்காட்சியகத்தின் தொகுப்பையும், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பையும் படங்களாக இணையத்தில் பார்க்கலாம்.

ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பக்கம்: அளவு, அடிவளைய மெருகின் நிறம், அலங்காரம், முத்திரை, முன் எல்லை, பின் எல்லை, எந்தத் தாளிலிருந்து எந்த மடங்கு, எந்த ஏலத்தில் என்ன விலை. பென்சிலால் எழுதுங்கள். அடுத்த பில் கிடைக்கும்போது அழித்து எழுத வேண்டியிருக்கும்.